இரண்டாவது ஏழு நிமிடம்

அத்தியாயம் 17

"பிள்ளைச்சாவடி தாண்டிட்டோம்மா" என்று, தங்கையைச் சென்னையிலிருந்து அழைத்துவந்துகொண்டிருந்த மகன் முஆஸ் போனில் சொன்னபோது காலை ஆறே முக்கால். ஜீனத்துன்னிசா அடுப்பில் பாலை ஏற்றினாள். வாசலுக்கு ஓடினாள். பால் நினைவு வந்து உள்ளே ஓடினாள். பத்து மாதமாக மகளைப் பார்க்காத தாய் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் செய்து முடித்தாள். ஒன்றை மட்டும் செய்ய மறந்துபோனாள். "அத்தா எங்கே?" என்று மகள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

அவள் கணவர் கமருஸ்ஸமான் அதிகாலைத் தொழுகை முடிந்த கையோடு கடைக்குப் போய்விட்டார். உப்பளம் பகுதியில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை. முப்பது வருடத்தில் அதை ஒன்பதரைக்கு முன்னால் அவர் திறந்ததே இல்லை. இன்று மட்டும், விடியற்காலையில் எந்த மகராசன் தார்ப்பாய் வாங்க வந்து நிற்கிறானோ தெரியவில்லை.

இந்தக் குடும்பத்தை முதல் வாரத்திலிருந்து அறிந்தவர்களுக்கு இது ஏன் என்று தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. அரீபா இருபத்தேழு வயதுப் பெண், ஆங்கிலத்தில் எம்.ஏ. கல்லூரி நாளிலிருந்தே விவாதப் போட்டிகளில் கோப்பை வாங்கி வந்து வீட்டு ஷோகேஸில் மற்ற சாமான்களுக்கு இடமில்லாமல் செய்தவள். மங்கோலியாவின் உலான்பாதர் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைகளுக்கு ஆங்கில விவாதம் சொல்லித்தர அவளைப் பத்து மாதத்துக்குக் கூப்பிட்டது. கமருஸ்ஸமான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சென்னை விமான நிலையத்து வாசலில், மகள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையப்போன சமயம் பார்த்து, "நீ போயிட்டா எங்களை யாரும்மா பாத்துக்குவாங்க?" என்று கேட்டார். பக்கத்திலேயே மூத்த மகன் முஆஸ் ஆறடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான். அரீபா பதில் சொல்லாமல் போய்விட்டாள்.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் அத்தாவும் மகளும் மணிக்கணக்கில் பேசினார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் அந்தப் பேச்சு நின்றது. அன்றிலிருந்து மகள் அழைத்தாலே அவருக்குத் தொழுகை நேரம் வந்துவிடும், அல்லது லாரியில் சரக்கு வந்துவிடும். இரண்டும் வராவிட்டால் தலைவலி வந்துவிடும். அந்தக் காரணங்களையெல்லாம் நாலு மாதமாக மகளிடம் சுமந்துபோய்ச் சேர்த்தவள் ஜீனத்துன்னிசா.

வண்டி வந்து நின்றது. அரீபா இறங்கினாள். இளைத்திருந்தாள், கன்னம் மட்டும் குளிர் தேசத்து ஆட்களைப்போலச் சிவந்திருந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்மா" என்றவளை ஜீனத்துன்னிசா கட்டிப்பிடித்து, பதில் ஸலாம் சொல்ல முடியாமல் அழுதாள். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மேனகா, குழாயை மூடாமல் நின்று பார்த்தாள்.

உள்ளே வந்ததும் அரீபா பெட்டியைத் திறந்து சாமான்களைக் கடை பரப்பினாள். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை. அண்ணனுக்கு ஒரு தோல் பெல்ட். கல்லைவிடக் கெட்டியான உலர்ந்த தயிர்க் கட்டி ஒரு பொட்டலம்; அதை அங்கே பிள்ளைகள் மிட்டாய்க்குப் பதிலாகச் சப்புவார்களாம். கடைசியாக, ஒட்டக ரோமத்தில் பின்னிய ஒரு ஜோடி தடித்த காலுறை. அதை மட்டும் மேசைமேல் தனியாக வைத்தாள்.

"அத்தாவுக்கு" என்றாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். "அத்தா எங்க?"

"கடலூர் ஆர்டர் ஒண்ணு. காலையிலயே லாரி வருதுன்னு போயிட்டாரு."

"போன வாரம் கேட்டப்ப, கடலூர் பார்ட்டியோட வியாபாரமே நின்னுபோச்சுன்னு சொன்னியே."

ஜீனத்துன்னிசா இட்லிப் பானையைத் திறக்கப் போனாள். விவாதம் சொல்லித்தருகிற மகளிடம் பொய் சொல்வதில் உள்ள கஷ்டம் இதுதான். பொய் சொன்னவளுக்கே மறந்துபோனது அவளுக்கு நினைவிருக்கும்.

அரீபா விடவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றாள். குரலில் கோபம் இல்லை. "நாலு மாசமா அத்தா எங்கிட்ட பேசலம்மா. அங்க தினமும் ராத்திரி நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் படுத்தேன். நீயாவது சொல்லு."

இதற்குமேல் மறைக்க ஜீனத்துன்னிசாவுக்கு மனம் வரவில்லை. சொன்னாள்.

விஷயம் ஒரு வீடியோ. உலான்பாதர் பள்ளிக்கூடம் இணையத்தில் ஏற்றியிருந்தது. பெரிய அரங்கம், முந்நூறு பிள்ளைகள், மேடையில் முக்காடு போட்ட நம் வீட்டுப் பெண் தனியாக நின்று ஆங்கிலத்தில் பொளந்து கட்டுகிறாள். அது குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு வந்து சேர்ந்தது. கடையில் உட்கார்ந்து கமருஸ்ஸமான் அதைப் பெருமையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய தம்பி முஹம்மது ஆரிப் வந்தார். துபாயில் பத்து வருடம் இருந்தவர், இந்தக் குடும்பத்தின் ஆங்கிலம் அவர்தான். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை இல்லை என்று பேசுகிறாள் உங்கள் மகள், அதற்கு முந்நூறு பேர் கைதட்டுகிறார்கள் என்று அண்ணனிடம் அர்த்தம் சொன்னார். ஆரிப் பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் பேசியிருந்தாள்.

"யாரு அதைக் குரூப்புல போட்டது?"

"யாரோ போட்டாங்கம்மா. அறுபது பேரு கெடக்கிறாங்க அதுல" என்றாள் ஜீனத்துன்னிசா, சட்னியைப் பார்த்தபடி.

அரீபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் குரூப்பின் காலை வணக்கங்கள் தாங்காமல் போன வருடமே அதை மூடி வைத்துவிட்டவள் அவள்.  பிறகு அம்மாவுக்கு விளக்கினாள்.

போட்டி விவாதத்தில் எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பேசுகிறவர் முடிவு செய்வதில்லை. காசைச் சுண்டிப் போடுவார்கள். விழுந்த பக்கம் உன் பக்கம். அந்தத் தலைப்பைக் கேட்டதும் மங்கோலியப் பிள்ளைகள் பயந்துபோனார்கள், வீட்டில் அடிப்பார்கள் என்றார்கள். அதனால் ஆசிரியையே மேடையேறிச் செய்து காட்டினாள். ஏழு நிமிடம் கடமை இல்லை என்று. மணி அடித்ததும், அதே இடத்தில் நின்று, அடுத்த ஏழு நிமிடம் கடமைதான் என்று. பள்ளிக்கூடம் அதை இரண்டாக வெட்டி இரண்டு வீடியோவாக ஏற்றிவிட்டது. குரூப்புக்கு வந்தது முதல் ஏழு நிமிடம்.

ஜீனத்துன்னிசாவுக்கு முதலில் வந்தது நிம்மதி, அப்புறம் கோபம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டி.வி.யில் பட்டிமன்றம் பார்த்துக் கைதட்டுகிற குடும்பம்தானே இது. அங்கே பேசுகிறவர்களும் அணி பிரித்துத்தான் பேசுகிறார்கள். மாமியார் பக்கம் பேசியவர் வீட்டுக்குப் போய் மருமகளை அடிப்பார் என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டுப் பெண் பேசியவுடன் மட்டும் அத்தனை பேருக்கும் அது மறந்துபோய்விட்டது. ஜீனத்துன்னிசாவுக்கும்தான்.

"அந்த ரெண்டாவது வீடியோவை இப்பவே அத்தாவுக்கு அனுப்பு."

"அனுப்ப மாட்டேன்."

"ஏண்டி?"

"இருபத்தேழு வருஷம் அவர்கூட இருந்திருக்கேன். என்னைத் தெரிஞ்சிக்க அவருக்கு வீடியோ வேணுமா?" கண் கலங்கிவிட்டது அரீபாவுக்கு. "போட்டுக் காட்டி ஜெயிக்கிறதுக்கு அவர் நடுவர் இல்லம்மா. அவரா வந்து பேசட்டும். இல்லன்னா விடு."

இரண்டு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். இரண்டு விமானம் மாறி வந்த களைப்பு. போனைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள்.

ஜீனத்துன்னிசா கூடத்தில் தனியாக நின்றாள். இவள் இறங்கி வர மாட்டாள். அவர் ஏறி வர மாட்டார். மனஸ்தாபத்தோடு இவள் மறுபடி எங்காவது கிளம்பிவிட்டால் அப்புறம் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்து போவாள். இதற்கெல்லாம் ஆரம்பம் யார் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்: அல்லாவுக்கும் அவளுக்கும். அவள் புர்காவை மாட்டிக்கொண்டு, முஆஸிடம் கறியை ஊறவைக்கச் சொல்லிவிட்டு, நெல்லித்தோப்பு முனையில் ஆட்டோ பிடித்தாள்.

கடை திறந்திருந்தது. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. நீலத் தார்ப்பாய் உருளைகளுக்கு நடுவே கமருஸ்ஸமான் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கண்டதும் அவசரமாக ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தார்.

"வந்துட்டாளா?" என்று கேட்டார்.

"வந்துட்டா."

"எப்படி இருக்குது?"

"நீங்க வந்து பாக்கறது."

அவர் கயிற்றைப் பிரித்தார். வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கி வந்த பேச்சை ஜீனத்துன்னிசா ஆரம்பித்தாள். காசு சுண்டுவது, பக்கம் விழுவது, மணி அடிப்பது, இரண்டாவது வீடியோ. பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பக்கத்துக் கட்டிடத்தில் டியூஷன் நடத்துகிற ரிட்டயர்ட் ஆங்கில வாத்தியார் ராஜவேல் சாரின் கையெழுத்து, முத்து முத்தாகத் தமிழில். இரண்டு வீடியோவையும் கேட்டு வரிக்கு வரி எழுதிக் கொடுத்திருந்தார். நோட்டின் மூலைகள் மடங்கிப் போயிருந்தன. பல தடவை புரட்டிய நோட்டு அது.

"மொதல் வீடியோ முடிஞ்சதும் ரெண்டாவது தானா ஓடுச்சு ஜீனத்து. ஆரிப் போன மறுநாளே பாத்துட்டேன். அர்த்தம் தெரியணும்னு சார்கிட்ட குடுத்தேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப ஏன் பேசல?"

"நாலாவது பக்கம் பாரு."

பார்த்தாள். முதல் பேச்சின் நடுவில் ஒரு வரியின்கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'வாசலில் காலெடுத்து வைத்த மகளிடம், நீ போய்விட்டால் எங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு தகப்பன் கேட்டால், அது கேள்வி அல்ல. அது பூட்டு.'

ஜீனத்துன்னிசா தலை நிமிர்ந்தாள். கமருஸ்ஸமான் கயிற்றின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதுதான். அதே வார்த்தை. அவ்ளோ தூரம் அதைத் தூக்கிக்கினு போயிருக்குது என் பொண்ணு. எனக்குக் கோவமே இல்ல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவகிட்ட பேசறது?" அவர் குரல் இறங்கிப் போயிற்று. "ஒரு வாரம் பேசாம இருந்துட்டேன். அப்புறம் ஏன் பேசலன்னு கேப்பாளேன்னு பேசல. அப்படியே நாளு போயிடுச்சு."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். இரண்டாவது பேச்சு. தானே புயல் அடித்த வருடம். ஓடு பறந்துபோன வீட்டில், விடியற்காலை, பிள்ளைகள்மேல் மழை விழாமல் ஒரு தார்ப்பாயின் மூலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்ற ஒரு தகப்பன். 'அது உன் கடமை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு வயதாகும்போது அந்தத் தார்ப்பாயின் இன்னொரு மூலையை நான் பிடிப்பேன். எனக்கும் யாரும் சொல்ல வேண்டாம்.'

கண்ணீர் எழுத்தை மறைத்தது. ஜீனத்துன்னிசா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு இன்னொரு மூலையை முஆஸோடு சேர்ந்து பிடித்தவள் அவள். பதிமூன்று வயது அரீபா கட்டிலுக்கடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மொதல் பேச்சுக்கு வெக்கமா இருந்துச்சு. இதைப் படிச்சதும் அதைவிட வெக்கமாப் போச்சு" என்றார் கமருஸ்ஸமான்.

நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினால் மனுஷிக்கு அழுகையோடு சேர்ந்து ஆத்திரமும் வரும். இதைச் சொல்ல நாலு மாதமா, நடுவில் ஒருத்தி பைத்தியக்காரியாட்டம் லாரி வருது, தலைவலி வருதுன்னு கதை கட்டிக்கொண்டிருந்தேனே என்று கடைக்குள்ளேயே ஒரு பாட்டம் தீர்த்தாள். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். ஆரம்பித்து வைத்தது தான்தான் என்பதை மட்டும் அவள் அங்கேயும் சொல்லவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் குச்சி குச்சியாக ஒரு படம் வரைந்திருந்தது. ஒரு மனிதன் ஒரு கையைத் தலையில் வைத்து, மறு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறான். இது என்ன என்று கேட்டாள்.

"அது அவங்க முறை. ஒருத்தர் பேசறப்ப குறுக்க கேள்வி கேக்கணும்னா அப்படி எழுந்து நிக்கணும். பேசறவங்க இஷ்டப்பட்டா கேளுன்னு சொல்வாங்க, இல்லன்னா உக்காருன்னு கை காட்டுவாங்க. நிதாதான் வரைஞ்சு சொல்லிக்குடுத்துச்சு. சார்கிட்ட டியூஷன் வருதில்ல." நிதா, ஆரிப்பின் மகள், ப்ளஸ் டூ படிக்கிறவள்.

ஜீனத்துன்னிசா நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். மகளிடம் தான் எதுவும் சொல்லப்போவதில்லை என்றாள். "ஜும்மா தொழுகை முடிஞ்சதும் வாங்க. சஹன் எடுக்கப்போறேன்."

கமருஸ்ஸமான் நிமிர்ந்து பார்த்தார். சஹன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும்தான் வெளியே வரும். ஆளுக்கொரு தட்டு என்றால் ஒருவர் டி.வி.யைப் பார்த்தும் ஒருவர் போனைப் பார்த்தும் சாப்பிட்டு எழுந்துவிடலாம். சஹனில் உட்கார்ந்துவிட்டால் எதிரில் இருக்கிற முகத்தைப் பார்க்காமல் ஒரு கவளம்கூட எடுக்க முடியாது. ஜீனத்துன்னிசா எம்.ஏ. படிக்கவில்லை, ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வாசலில் ஸலாம் கேட்டது. கமருஸ்ஸமான் தொப்பியோடு வந்து நிலைப்படியில் நின்றிருந்தார். ஸலாம் சொன்னவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "வ அலைக்கும் ஸலாம்" என்றாள் அரீபா. நாலு மாதத்தில் தகப்பனும் மகளும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். அதோடு அதுவும் நின்றது.

பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்து, நெய்ச்சோற்றைக் குவித்து, கறியை மேலே கொட்டினாள் ஜீனத்துன்னிசா. பக்கத்தில் தால்ச்சாக் குழம்பு. நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பிஸ்மில்லாஹ் சொன்னார்கள். முஆஸ் ஒருவன்தான் சாப்பிட்டான். அரீபா தன் பக்கத்துச் சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கமருஸ்ஸமான் ஒரு கவளம் எடுப்பதும், வைப்பதுமாக இருந்தார்.

திடீரென்று அவர் எழுந்தார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் ஜீனத்துன்னிசா நினைத்தாள்.  அவர் போகவில்லை. அறுபது வயது மனிதர், இடது கையைத் தொப்பிமேல் வைத்துக்கொண்டு, சோறு ஒட்டிய வலது கையை மகளை நோக்கி நீட்டியபடி நின்றார். விரலிலிருந்து ஒரு பருக்கை சஹனில் விழுந்தது.

அரீபாவின் கை அப்படியே நின்றுவிட்டது. முஆஸ் சிரிக்க வாயைத் திறந்தான், ஜீனத்துன்னிசா அவன் தொடையில் கிள்ளினாள். அரீபா சிரிக்கவில்லை. நிற்கிறவரைக் காக்க வைக்கும் உரிமை பேசுகிறவருக்கு உண்டு. அவள் காக்க வைத்தாள். அத்தாவின் விரலிலிருந்து இன்னொரு பருக்கை விழுகிற வரைக்கும் காக்க வைத்தாள்.

"கேளுங்கத்தா" என்றாள்.

"நான் அன்னைக்குக் கேட்டது பூட்டுன்னு சொன்னே. சரிதாம்மா. ஆனா உன்னைப் பூட்டணும்னு கேக்கல. எனக்குப் பயமா இருந்துச்சு. பயமா இருக்குதுன்னு சொல்லத் தெரியல, வாயில அது வந்துடுச்சு."

"கேள்வி பதினஞ்சு செகண்டுக்குள்ள இருக்கணும்" என்றாள் அரீபா.  "இதுல கேள்வியே இல்லையே."

"இருக்குது." கமருஸ்ஸமான் கையை இறக்கவில்லை. "பிப்ரவரில அங்க எவ்வளவும்மா குளிரு? நான் கேக்கவே இல்லியே."

 மேடையில் முந்நூறு பேர் முன்னால் மணி பார்த்துப் பேசுகிறவள், குனிந்து, முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையாட்டம் விம்மினாள். "மைனஸ் முப்பதுத்தா" என்றாள் கடைசியில். "மூக்கு விறைச்சுப் போச்சு."

கமருஸ்ஸமான் உட்கார்ந்தார். சஹனில் தன் பக்கம் கிடந்த பெரிய கறித்துண்டை விரலால் தள்ளித் தள்ளி மகள் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்னொன்றையும் தள்ளினார். அரீபா அழுதுகொண்டே சாப்பிட்டாள். அதற்குப் பிறகு நாலு மாதத்துப் பேச்சும் கொட்டியது. பாலில் உப்புப் போட்டுக் குடிக்கிற டீ. ஹலால் கறிக்காகப் பனியில் ஆறு பஸ் நிறுத்தம் தாண்டிக் கஸாக்கு இன முஸ்லிம் ஒருவர் கடைக்கு நடந்தது. கடமை இல்லை என்று பேசக் கூச்சப்பட்டு அழுத ஒரு பெண், கடைசியில் அதே பக்கம் பேசிக் கோப்பை வாங்கி, வாங்கிய கையோடு தன் அம்மாவுக்கு ஓடிப்போய்ப் போன் போட்டது. கமருஸ்ஸமான் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றார். நடுவில் எழுந்து கையைக் கழுவி, மேசைமேல் இருந்த ஒட்டக ரோமக் காலுறையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெளியே ஜூன் மாதத்து வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது.

ஜீனத்துன்னிசாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது, ஒரு கவளம் உள்ளே போவதற்கு முன்னாலேயே. ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் நின்றது. இந்த மனிதர் தொப்பிமேல் கை வைத்து நின்றாரே. ஆரம்பித்து வைத்தவள் தால்ச்சா ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா?

அவள் எழுந்தாள். வலது கையில் கரண்டி இருந்தது. இடது கையைத் தலையில் வைத்தாள். கரண்டியை மகளை நோக்கி நீட்டினாள்.

முஆஸ் இந்தத் தடவை அடக்க முடியாமல் சிரித்தேவிட்டான். அரீபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேளும்மா" என்றாள்.

"அந்த வீடியோவைக் குரூப்புல போட்டது நான்தாண்டி. ஒரு வார்த்தை புரியல எனக்கு. நீ மேடையில நின்னியா, அதுதான் தெரிஞ்சுது. போட்டுட்டேன்."

"தெரியும்மா."

ஜீனத்துன்னிசா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"காலையில படுத்துக்கினு குரூப்பைத் திறந்து மேல மேல தள்ளிப் பாத்தேன். உன் பேரு இருந்துச்சு. 'என் மகள் பேசுகிறாள், எல்லாரும் கேளுங்கள்'னு எழுதி மூணு ரோஜாப்பூ போட்டிருந்தே." அரீபா அம்மாவின் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். "உலான்பாதர்ல எனக்குக் கைதட்டினவங்க அத்தனை பேருக்கும் இங்கிலீஷ் தெரியும். ஒண்ணுமே புரியாம பூ போட்டது நீ ஒருத்திதான்."

ஜீனத்துன்னிசா அதற்குமேல் எதையும் அடக்கவில்லை. அழுதாள், சிரித்தாள், கரண்டியால் மகன் தலையில் ஒன்று வைத்தாள். கமருஸ்ஸமான், "நீயா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் பக்கமும் ஒரு கறித்துண்டைத் தள்ளினார். சஹன் காலியாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

முஹம்மது ஆரிப் நின்றிருந்தார். ஸலாம் சொன்னார். பத்து மாதம் கழித்து வந்த அண்ணன் மகளை எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. நிதாவின் புத்தகப் பையில் கிடைத்ததாம். பெங்களூருக்கு விவாதப் போட்டிக்கு மாணவியை அனுப்பச் சம்மதம் என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற தாள். பிள்ளைக்கு விவாதம் என்ற பேச்சே வேண்டாம் என்று பிப்ரவரியிலேயே தான் கண்டித்துச் சொன்னதை ஆரிப் நினைவுபடுத்தினார்.

"பாதுகாவலர் கையெழுத்துன்னு இருக்கிற எடத்துல யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் போடல, அவங்க அம்மா போடல. கேட்டா அந்தப் பொண்ணு வாயைத் திறக்க மாட்டேங்குது." அவர் பார்வை நேராக அரீபாவிடம் போய் நின்றது. "உனக்கு எதாவது தெரியுமா?"

அரீபா இல்லை என்று தலையசைத்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஆரிப் காகிதத்தை விரித்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். கையெழுத்தா, கிறுக்கலா என்று சொல்ல முடியாத ஒன்று, அதன் கடைசியில் கயிற்றை இழுத்து விட்டதுபோல நீளமாக ஒரு வால். முப்பது வருடமாகக் கடை பில்களில் அந்த வாலைப் பார்த்துவருகிறவள் ஜீனத்துன்னிசா. அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

கமருஸ்ஸமான் தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய இடது கை எழும்பி, தொப்பியை நோக்கிப் போயிற்று.